எல்லையோரத்தில் ஒரு காது கேளாதோர் மாநாடு: யார் போகலாம், எப்படிப் போகலாம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதி, வேலந்தாவளம் என்று வரிசையாகத் தமிழ் பேசும் ஊர்கள் இருக்கின்றன. இவ்வூர்களில் காது கேளாத பிள்ளையோ உடன்பிறந்தவரோ உள்ள வீட்டார், செப்டம்பர் மாதக் கடைசியில் பாலக்காட்டுப் பக்கம் நடக்கும் காது கேளாதோர் சமுதாய மாநாட்டுக்குப் போனால் பயன் உண்டா என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் தமிழ்வழித் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. என் தம்பி பிறவியிலேயே காது கேளாதவன், தையற்கடை வைத்திருக்கிறான். இவ்விரண்டு காரணங்களாலும் கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது. காது கேளாதவர் எவராயினும் தயங்காமல் போகலாம். அவருக்குத் துணையாகச் செல்லும், தமிழ் மட்டுமே அறிந்த பெற்றோர் சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டு போகவேண்டும். இதுவே என் பதில். நானும் தம்பியும் போய்வந்த மாநாடு காது கேளாதவரை மனத்தில் வைத்து மிக நேர்த்தியாகத் திட்டமிடப்பட்டிருந்தது. காது கேட்கும் தமிழரைப் பற்றி அங்கே யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நடத்தியவர்கள் தொண்டர்களை நம்பி இயங்கும் சிறிய சங்கத்தார் என்பதால் சங்கத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

இந்தச் சங்கம், காது கேளாதோருக்காகப் பிறர் நடத்தும் அமைப்பன்று. காது கேளாதோரே நடத்துவது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் காது கேட்காது. காது கேட்கும் தொண்டர்கள் நாற்காலி போடுகிறார்கள், தொலைபேசியை எடுக்கிறார்கள், காவல்துறை அனுமதிக்கு அலைகிறார்கள். முடிவெடுப்பது அவர்கள் வேலையன்று. 1951இல் ரோம் நகரில் தொடங்கப்பட்ட உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பும் இந்த வேறுபாட்டைத்தான் வலியுறுத்தி வருகிறது. அக்கூட்டமைப்பு தோன்றிய செப்டம்பர் 23ஆம் நாளைப் பன்னாட்டுச் சைகை மொழிகள் நாளாக ஐ.நா. பொதுச்சபை 2017இல் அறிவித்தது. 2018 முதல் அது கொண்டாடப்படுகிறது. மாவட்டச் சங்கங்கள் தங்கள் கூட்டங்களைச் செப்டம்பர்க் கடைசியில் வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். தில்லியில் 1955 முதல் இயங்கும் அகில இந்தியக் காது கேளாதோர் கூட்டமைப்பும், 2005இல் உருவான தேசியக் காது கேளாதோர் சங்கமும் அரசோடும் நீதிமன்றத்தோடும் வாதாடுகின்றன. அந்த வாதங்களில் வென்றது என்ன, அதை நம் ஊரில் எந்த அலுவலகத்தில் எப்படிக் கேட்டுப் பெறுவது என்று சொல்லித்தருவது மாவட்டச் சங்கத்தின் வேலை. அந்த அளவுகோலை வைத்தே இம்மாநாட்டை மதிப்பிடுகிறேன்.

அரங்க அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும். வழக்கமான கல்யாண மண்டபந்தான். ஆனால் அதை அவர்கள் மாற்றியிருந்த விதத்தில் அனுபவம் தெரிந்தது. நம் ஊர் மேடைகளில் முதுகுப் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு தலைவர்களின் முகங்கள் நிறைந்த ஃபிளெக்ஸ் பேனர் தொங்கும். இங்கே எழுத்தே இல்லாத கருநீலத் துணி மட்டும் தொங்கியது. விரல்களும் முகமும் பளிச்சென்று தெரியவேண்டும், பின்னால் எதுவும் கண்ணைப் பறிக்கக்கூடாது என்பதற்காக அப்படி. பேனரை வாசலில் கட்டியிருந்தார்கள். படம் எடுத்துக்கொள்ள விரும்பிய பிரமுகர்கள் அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த சன்னல்கள் திரையிட்டு மூடப்பட்டிருந்தன; இல்லையென்றால் வெளிச்சம் பேசுபவரின் முதுகில் விழுந்து முகம் இருண்டுபோகும். நாற்காலிகள் நேர்வரிசையாக இல்லாமல் பிறைவடிவில் போடப்பட்டிருந்தன. தூண் மறைக்கும் இடங்களில் நாற்காலியே இல்லை. நிகழ்ச்சி தொடங்கப்போகிறது என்பதற்கு மணியோ ஒலிபெருக்கியோ கிடையாது. அரங்க விளக்குகளை இரண்டு முறை அணைத்துப் போட்டார்கள். பேசிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் அந்தக் கணமே நின்றன. எங்கள் பள்ளியில் வழிபாட்டுக் கூட்டத்துக்கு விசில் ஊதியும் அடங்காத இரைச்சலைத் தினமும் கேட்கும் எனக்கு அது பொறாமையாக இருந்தது.

தொடக்க விழாவில்தான் இந்த ஒழுங்கு குலைந்தது. சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார், தயாரித்து வந்த உரையை மிக வேகமாகப் படித்தார், அவரைப் படம் பிடிக்க வந்தவர்கள் சைகை மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். முன்வரிசை மூன்றுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்து போய்ப் படக்காரரின் தோளைத் தொட்டு நகரச் சொன்னார். அவரோ ஏதோ தகராறு என்று நினைத்து முறைத்தார். இது சங்கத்தின் குற்றமன்று என்றாலும், மொழிபெயர்ப்பாளர் நிற்கும் இடத்துக்கு முன்னால் தரையில் கோடு போட்டு யாரும் நிற்கக்கூடாது என்று எழுதிவைப்பது பெரிய செலவில்லாத காரியம்.

மொழிபெயர்ப்பின் தரம் உயர்வாக இருந்தது. ஒரே ஆளை நாள் முழுதும் நிறுத்திவைக்காமல் இரண்டிரண்டு பேராக அமர்த்தியிருந்தார்கள். ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டார்கள். கேட்பதும் உடனுக்குடன் இன்னொரு மொழியில் சொல்வதும் மூளையை விரைவில் களைப்படையச் செய்யும், அதற்கு மேல் போனால் பிழை வரும் என்பதால் உலகெங்கும் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்கள் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். ஓய்விலிருக்கும் மற்றவர் சும்மா இருப்பதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, மேடையில் நிற்பவர் ஓர் ஊர்ப்பெயரையோ எண்ணையோ தவறவிட்டால் மடியில் கைவைத்தபடியே எடுத்துக்கொடுப்பார். பேச்சாளர் ஒருவர் டெசிபெல் என்ற ஒலி அளவுகளை அடுக்கிக்கொண்டே போனபோது இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மேடையில் இருந்த பெண் எழுபதைத் தொண்ணூறு என்று காட்டிவிட்டு, கீழேயிருந்த தோழியின் விரலைப் பார்த்ததும், அடுத்த வாக்கியம் தொடங்கும் முன்பே திருத்திக்கொண்டார். நாட்டில் சான்றிதழ் பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள் மிகக் குறைவு. அவர்களில் சிலரை ஒரு மாவட்டச் சங்கம் வரவழைத்திருக்கிறது என்றால் வரவுசெலவில் பெரும்பங்கு அதற்கே போயிருக்கும். சரியான இடத்தில் செய்த செலவு.

ஆனால் மொழிபெயர்ப்பு இருவழிப் பாதை. காது கேளாத பேச்சாளர் மேடையில் சைகையில் பேசும்போது, அதைக் குரலாக்கிக் காது கேட்பவர்களுக்குச் சொல்லவேண்டும். அந்தக் குரல் முழுக்க மலையாளத்தில் மட்டுமே வந்தது. திரையில் ஓடிய எழுத்து மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. பதிவுப் படிவமும் அப்படியே. எனக்கு வேலை காரணமாக மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும். என் பின்னால் உட்கார்ந்திருந்த ஒழலப்பதிக்காரருக்குத் தெரியாது. தென்னந்தோப்பில் வேலை பார்ப்பவர், ஏழு வயது மகளோடு வந்திருந்தார். தேநீர் இடைவேளையில் படிவத்தை நீட்டி நிரப்பித்தரச் சொன்னவர், "டீச்சரம்மா, புள்ளைக்குக் கையில சொல்றது பூராம் புரியுதுங்க, சிரிச்சுக்கிட்டே பாக்குது. எனக்குத்தான் பாதி புரியலீங்க. வீட்டுக்குப் போனா அவங்கம்மாவுக்கு நான் என்னன்னு சொல்றது?" என்றார். இந்த மாநாட்டின் முக்கியமான குறை அவர் கேட்ட கேள்விதான்.

எல்லைப் பகுதியின் விசித்திரம் இதில் இருக்கிறது. காசர்கோட்டிலிருந்து வந்த இளைஞர்களும் கோயம்புத்தூரிலிருந்து வந்த குழுவும் முதல் அரைமணி நேரத்திலேயே ஒருவரையொருவர் கிண்டலடிக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். இந்தியச் சைகை மொழியில் வட்டாரத்துக்கு வட்டாரம் சொற்கள் மாறும். கிழமைகளுக்கும் உணவுப் பண்டங்களுக்கும் உறவுமுறைகளுக்கும் இரு பக்கத்துச் சைகைகளும் வேறாக இருந்தன. ஆனால் இலக்கணம் பெரும்பாலும் ஒன்றே. சொல் தெரியாத இடத்தில் இரண்டு கைகளாலும் ஆங்கில எழுத்துகளைக் காட்டிப் பெயரைச் சொல்லிவிட்டு மேலே போனார்கள். வாளையாறு சோதனைச்சாவடிக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள காது கேளாதவர்களுக்கு மாநில எல்லை ஒரு பொருட்டே இல்லை. எல்லை குறுக்கே நிற்பது, காது நன்றாகக் கேட்கும் அவர்களுடைய பெற்றோர்களுக்கு. இரண்டாம் நாள் பிற்பகலில் கோவையிலிருந்து வந்த ஒரு பெண்மணி, காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து வீட்டில் சைகையே முதல் மொழியாக வளர்ந்தவர், தாமாகவே கடைசி வரிசைக்கு வந்து எங்களுக்குத் தணிந்த குரலில் தமிழில் சொல்லத் தொடங்கினார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அரங்கில் யாருக்கும் அந்தப் பேச்சொலி தொல்லையாகவில்லை, எப்படி ஆகும்? அவருடைய நல்ல மனத்தால் எங்கள் பொழுது பிழைத்தது, ஆனால் அது ஏற்பாடு ஆகாது. தமிழ் ஊர்கள் நிறைந்த பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் ஒரு மாநாடு நடத்தும் சங்கம் தமிழ்க் குரல் ஒன்றையும் முன்கூட்டியே அமர்த்தி, அதற்கென ஒரு மூலையை ஒதுக்கவேண்டும். படிவத்தில் தமிழ் ஒரு வரி இருக்கவேண்டும்.

அமர்வுகளில் மிகச் சிறந்தது உரிமைகளைப் பற்றியது. காது கேளாத சட்டப் பட்டதாரி ஒருவர் நடத்தினார். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது, இந்தியா அதை 2007 அக்டோபரில் ஏற்றது, அதன்வழி 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பிறந்து 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது என்ற வரலாற்றை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரம் முழுவதையும் நடைமுறைக்கு ஒதுக்கினார். சட்டத்தின்படி இரு காதுகளிலும் பேச்சொலி அலைவரிசைகளில் 70 டெசிபெல் இழப்பு இருந்தால் காது கேளாதவர்; 60 முதல் 70 வரை என்றால் கேள்திறன் குறைந்தவர். சலுகைகள் பெரும்பாலானவற்றுக்கு 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று வேண்டும். அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் கேள்திறன் குறைந்தோருக்கும் உரியது. உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்கவேண்டும். 40 சதவீதச் சான்று பெற்ற பிள்ளைக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாக் கல்வி உரிமை உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டையில் உள்ள பட்டையின் நிறத்தைக் கவனிக்கச் சொன்னார்: வெள்ளை என்றால் 40 சதவீதத்துக்குக் கீழே, மஞ்சள் என்றால் 40 முதல் 80 வரை, நீலம் என்றால் அதற்கு மேல். அட்டையைப் பெட்டியில் பூட்டிவைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது புதிய செய்தி. பலர் அங்கேயே எடுத்துப் பார்த்தார்கள்.

அந்த அமர்விலும் எல்லைக் குடும்பங்களின் கேள்வி தானாக வரவில்லை, நான் எழுந்து கேட்கவேண்டியிருந்தது. பிள்ளை கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறது, வீடும் ரேஷன் அட்டையும் கேரளத்தில் என்றால் எந்த மாநிலத்தின் உதவியைக் கேட்பது? தெளிவான பதில் கிடைத்தது. அடையாள அட்டை நாடு முழுதும் செல்லும். அதை வைத்து இரண்டு மாநிலத்திலும் குறைபாட்டை மெய்ப்பிக்கலாம். ஓய்வூதியமும் மாநில அரசின் பிற உதவிகளும் குடியிருப்பைப் பொறுத்தவை. அவற்றைக் கேரளத்தில்தான் கேட்கவேண்டும். இரண்டு பக்கமும் விண்ணப்பித்துவிட்டு ஒன்று கிடைக்கட்டும் என்று இருப்பவர்கள் பின்னால் சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள். இந்தப் பதிலுக்காகவே வேலந்தாவளத்திலிருந்து ஒரு குடும்பம் பேருந்து ஏறி வந்திருக்கலாம். அடுத்த முறை இதைக் கேள்வி நேரத்துக்கு விடாமல் தனித் தலைப்பாகவே வைத்துக்கொள்வது நல்லது.

இதே அமர்வின் பிற்பகுதியில் நீதிமன்றச் செய்திகள் வந்தன. காது கேட்காது என்பதற்காகவே ஓட்டுநர் உரிமத்தை மறுத்துவிட முடியாது, தேர்வில் தேறினால் கொடுக்கவேண்டும் என்ற நிலையைத் தேசியக் காது கேளாதோர் சங்கம் 2011இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வென்றெடுத்தது. 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர், தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் முன்னிலையில் சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் காணொலி வழியாக ஆஜரானார். அந்தச் செய்தி திரையில் வந்தபோது அரங்கம் முழுதும் கைகள் உயர்ந்து விரல்கள் அசைந்தன. கைதட்டலுக்குப் பதில் அவர்கள் வழக்கம் அது. பக்கத்திலிருந்த என் தம்பி என்னைத் தட்டி, "பார்த்தாயா அக்கா, நம் மொழியில் நீதிமன்றம்" என்று கையால் சொன்னான். தையற்கடைக்கு அப்பால் எதிலும் ஆர்வம் காட்டாதவன் அவன்.

வரலாற்று அமர்வு கொஞ்சம் நீளம். 1880இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கிவிட்டு வாய்ப்பேச்சை மட்டுமே பயிற்றவேண்டும் என்று தீர்மானித்ததையும், 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்ததையும் சொன்னார்கள். இடைப்பட்ட 130 ஆண்டுகளில் நடந்தது என்ன என்பதை மேடையைவிட அரங்கில் இருந்த பெரியவர் ஒருவர் நன்றாகச் சொன்னார். பள்ளியில் கையை அசைத்தால் அடி விழும் என்பதற்காகத் தொடைக்கடியில் கைகளை வைத்து உட்காருவோம் என்று காட்டிவிட்டு, நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தும் காட்டினார். பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி, நாட்டின் மிகப் பழைய காது கேளாதோர் பள்ளிகளுள் ஒன்று. தென்னாட்டுக் கதையை அங்கிருந்து தொடங்கியிருந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருந்திருக்கும். பேச்சாளர் ஐரோப்பாவை விட்டு வரவே இல்லை.

உயர்கல்வி பற்றிய அமர்வு குறுகியது, ஆனால் குறிப்பெடுக்கத் தக்கது. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997 முதல் இயங்கும் தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், நிஷ் என்று எல்லோரும் சொல்வது, காது கேளாத மாணவர்களுக்கென்றே கணினியியலிலும் நுண்கலையிலும் பட்டப்படிப்புகளை நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையைத் தையலுக்கோ அச்சகத்துக்கோ அனுப்புவதைத் தவிர வேறு வழி தெரியாத குடும்பங்கள் நம்மிடையே நிறைய. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது.

வெளித் திண்ணையில் இருந்த கடைகளைப் பற்றி என் கருத்து கடுமையானது. காதொலிக் கருவி விற்கும் ஒரு கடைக்காரர், கைக்குழந்தையோடு வந்த தாய்மாரைப் பார்த்துப் பார்த்து அழைத்து, "இந்த மெஷின் வெச்சா ஆறு மாசத்துல பேசிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தையின் செவிப்பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் எந்த யோக்கியமான நிபுணரும் அப்படிச் சொல்லமாட்டார். உள்காது நரம்பு நன்றாக இருக்கிறதா, இழப்பு எவ்வளவு, குழந்தைக்கு வயது என்ன என்பதையெல்லாம் பொறுத்தே கருவியா, உள்காதில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவையா என்பது முடிவாகும். மூளை ஒலியைப் பிரித்தறியப் பழகும் காலம் முதல் சில ஆண்டுகளே என்பதால்தான் கேரள அரசின் சுருதிதரங்கம் திட்டம் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இந்த அறுவைக்கு உதவுகிறது. அறுவையோடு வேலை முடிவதும் இல்லை. பேச்சுப் பயிற்சி ஆண்டுக்கணக்கில் தொடரவேண்டும், காதுக்குப் பின்னால் பொருத்தும் ஒலிச்செயலி பழுதடைந்து மாற்றவேண்டி வந்தால் செலவு இலட்சங்களில் போகும். இவற்றைச் சொல்லச் சார்பற்ற செவியியலாளர் ஒருவரை அங்கே உட்காரவைக்காமல் விற்பனையாளரை மட்டும் உட்காரவைத்தது தவறு. வாடகை வருகிறது என்பது எனக்கும் புரிகிறது. அறுவை செய்த குழந்தைக்குச் சைகை கற்றுத்தரக்கூடாது என்றும் அந்தக் கடையில் சொன்னார்களாம். உள்ளே மேடையில், இம்பிளாண்ட் பொருத்திய ஒரு கல்லூரி மாணவி சைகையிலும் குரலிலும் மாறிமாறிப் பேசிக்கொண்டிருந்தாள்.

பெற்றோருக்கான சைகை மொழி வகுப்பு இம்மாநாட்டின் இன்னொரு நல்ல பகுதி. காது கேளாத ஆசிரியர் ஒருவர் குரலே இல்லாமல் நடத்தினார். எண்கள், உறவுகள், சாப்பாடு, வலி, பயம் என்று வீட்டில் அன்றாடம் தேவைப்படுபவற்றை எடுத்துக்கொண்டார். இந்தியச் சைகை மொழியில் வினைச்சொல் வாக்கியக் கடைசியில் வருவதால் தமிழ் பேசுகிறவர்களுக்கு அதன் வரிசை கையில் எளிதில் படிகிறது, தடுமாறியதெல்லாம் முகத்தில்தான். கேள்வி கேட்கும்போது புருவம் அசையவேண்டும், இல்லை என்னும்போது தலையும் முகமும் சேர்ந்து சொல்லவேண்டும். நம் ஆண்களுக்கு அவ்வளவு முகபாவம் கூச்சமாக இருக்கிறது. ஒழலப்பதிக்காரர் மட்டும் கூச்சப்படாமல் செய்தார், மகள் அவரைத் திருத்திக்கொண்டே இருந்தாள். வகுப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வீட்டில் தொடர விரும்புவோருக்கு, 2015இல் தில்லியில் தொடங்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் காணொலி அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021இல் அது 10,000 சொற்களை எட்டியது. இதைத் தமிழில் ஒரு துண்டுத்தாளில் அடித்துக் கொடுத்திருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும்.

சாப்பாடு இலைபோட்டு ஊண். அவியலும் காளனும் நன்றாக இருந்தன, பாயசம் தித்திப்பு அதிகம். வலக்கை சோற்றில் இருக்கும்போது பேச்சு இடக்கைக்கு மாறிவிடுகிறது; இரண்டு கையும் வேண்டிய செய்தியென்றால் மோர் ஊற்றும்வரை பொறுத்துக்கொள்கிறார்கள். பந்தி வேகமாக நகர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

திருமணப் பதிவு மேசை ஒன்றும் இருந்தது. காது கேளாதோர் மாநாடுகளில் இது வழக்கம், பலர் இதற்காகவே வருகிறார்கள். ஒரு பக்கம் பெற்றோர்கள் ஜாதகத்தையும் சாதியையும் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். இன்னொரு பக்கம் அவர்களுடைய பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து தங்களுக்குள் பேசி எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டார்கள். மேசையில் இருந்த பெண்மணி பெற்றோர்களைப் பொறுமையாக உட்காரவைத்து நேரத்தைக் கடத்தியது வேண்டுமென்றே செய்ததுதான் என்று எனக்குத் தோன்றியது. பாராட்டவேண்டிய சாமர்த்தியம்.

பதிவுக் கட்டணம் ஒரு ரவிக்கைத் தையற்கூலிக்கு மேல் போகாது, அதில் சாப்பாடும் சேர்த்தி. பெண்களுக்கான கழிவறைகள் போதவில்லை. பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவிடம் இல்லை. தொலைவிலிருந்து இரயிலில் வருவோர், கேட்கவும் பேசவும் இயலாதவருக்கு உரிய சான்றைக் காட்டினால் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் பாதிக் கட்டணம். துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. நிகழ்ச்சி முடியும் நேரம் என்று அழைப்பிதழில் போட்டிருப்பதை நம்பி ஊர்ப் பேருந்துக்குத் திட்டமிடாதீர்கள். மேடை நேரத்துக்கு முடிகிறது, ஆனால் விடைபெறுவது முடிவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தன் மொழியில் பேச இத்தனை பேர் கிடைக்கும் ஒருவனை அரைமணி நேரத்தில் கிளப்பமுடியாது.

தமிழ்க் குடும்பங்கள் கூட்டமாகப் போவதே நல்லது. பத்துப் பேராகச் சேர்ந்து ஒரு மாதம் முன்பே பதிவு செய்து, தமிழில் குரல் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். படிவத்தில் அதற்கு இடமில்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள். பிள்ளையின் அடையாள அட்டை, செவிப்பரிசோதனை அறிக்கை இரண்டின் நகலையும் எடுத்துச்செல்லுங்கள். அறிக்கையைக் கடைக்காரர்களிடம் காட்டவேண்டாம். நான் என் குறைகளை எழுதி அனுப்பியதற்குச் செயலாளர் அன்றிரவே பதில் போட்டார்: தமிழ்க் குரலுக்கு ஆள் கிடைத்தால் அமர்த்தத் தயார், கோவைப் பெண்மணியிடம் கேட்கிறேன், படிவத்தைத் தமிழாக்கித் தரமுடியுமா என்று. படிவத்தை அனுப்பிவிட்டேன். அவரைத் தொடர்புகொள்ள விரும்புவோர் தொலைபேசியில் அழைத்துவிட்டு எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் யாரிடமாவது கேட்டுப் படித்துவிடுகிறார்.